தோற்றுப் பார்க்க ஒரு மேசை

விளையாட்டின் பெயர் 'பியர் விளையாட்டு'. குடிக்க ஒரு சொட்டுகூட கிடைக்காது. மேசைமேல் நீளமாக விரித்த தாளில் நான்கு இடங்கள் குறித்திருக்கும்: சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை. இடத்துக்கு ஓர் ஆள். ஒரு வில்லை என்றால் ஒரு பெட்டி பியர் என்று கணக்கு. தொடக்கத்தில் ஒவ்வொருவர் கையிலும் 12 பெட்டி இருப்பு. வாரம் 4 பெட்டி வரும், 4 பெட்டி போகும். இருப்பில் தேங்கும் பெட்டிக்கு வாரத்துக்கு அரை டாலர் செலவு. கேட்டவருக்குக் கொடுக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர். எந்த அணியின் மொத்தச் செலவு குறைவோ அந்த அணிக்குப் பந்தயப் பணம்.

கடுமையான விதி ஒன்றுதான். பேசக் கூடாது. தேவையைச் சீட்டில் எழுதி அடுத்தவர் பக்கம் தள்ள வேண்டும். அந்தச் சீட்டு மேலே போய்ச் சேரவும் நாளாகும், அதற்கான சரக்கு கீழே வந்து சேரவும் நாளாகும், எல்லாம் வாரக்கணக்கு.

முதல் நான்கு வாரம் கொட்டாவி வரும். பிறகு கடைக்காரர் முகம் மாறும். வாடிக்கையாளர் சீட்டை அவர் மட்டும்தான் பார்க்கிறார். விற்பனை சற்றுக் கூடியிருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் சேர்த்து ஆர்டர் போடுகிறார். சரக்கு வரவில்லை. இன்னும் கூட்டிப் போடுகிறார். மொத்த வியாபாரி அதைப் பார்த்து மிரண்டு, தன் பங்குக்கு ஏற்றி அனுப்புகிறார். சீட்டு தொழிற்சாலையை எட்டும்போது 4 என்ற எண் 20, 30, 40 என்று வீங்கியிருக்கும். நான்கு பேருக்கும் இருப்பு காலி, நிலுவை மட்டும் மலைபோல் ஏறுகிறது. இன்னும் சில வாரம் கழித்து, கேட்டதெல்லாம் ஒரே நேரத்தில் வந்து கொட்டும். இப்போது வாங்க ஆள் இல்லை. ஆர்டர் பூஜ்யம். தொழிற்சாலையில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

50 வாரம் என்று சொல்லித் தொடங்கிய ஆட்டத்தை 36-ஆவது வாரத்தில் நிறுத்திவிடுவார்கள். கடைசி வாரம் என்று தெரிந்தால் ஆட்டக்காரர்கள் இருப்பைக் கரைத்துக் கணக்கை அழகாக்கிவிடுவார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. அடுத்து ஒரு தாளைக் கொடுத்து, "வாடிக்கையாளர் வாரா வாரம் எவ்வளவு வாங்கியிருப்பார் என்று நினைக்கிறீர்கள், வரையுங்கள்" என்பார் பயிற்சியாளர். கடைக்காரரைத் தவிர மற்றவர்களில் பெரும்பாலோர் ஏறி இறங்கும் பெரிய அலை ஒன்றை வரைவார்கள். அதன் பிறகுதான் உண்மையான கணக்கு வெளியே வரும்: முதல் நான்கு வாரம் 4 பெட்டி, ஐந்தாவது வாரத்திலிருந்து 8 பெட்டி, கடைசிவரை அதே 8. வாடிக்கையாளர் ஒரே ஒரு முறைதான் மாறினார். மற்ற கூத்து முழுவதும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் தங்களுக்குள் நடத்திக்கொண்டது.

இந்த ஆட்டம் 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டரின் குழுவில் உருவானது. ஃபாரஸ்டர் அடிப்படையில் மின்பொறியாளர். கணினியின் ஆரம்ப காலத்தில் பெரிய வேலைகள் செய்துவிட்டு, 1956-இல் அங்கிருந்த ஸ்லோன் மேலாண்மைப் பள்ளிக்கு வந்தவர். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்குக் கென்டக்கியில் வீட்டு உபயோகச் சாதனங்கள் செய்யும் ஆலைகள் இருந்தன. ஒரு காலம் மூன்று நான்கு ஷிஃப்ட் ஓடும். சில ஆண்டு கழித்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். சந்தை நிலவரம் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அந்த விளக்கம் யாருக்கும் முழுத் திருப்தி தரவில்லை. ஃபாரஸ்டர் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, ஆலை ஆள் எடுக்கும் முறை, இருப்பு வைக்கும் முறை, ஆர்டர் போடும் முறை ஆகியவற்றை வாரம் வாரமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் ஒரே சீராக இருந்தால்கூட, உள்ளே உள்ள விதிகளே ஆலையை ஆட்டிவைக்கும் என்று தெரிந்தது.

இதே பள்ளியின் ஜான் ஸ்டெர்மன் பல ஆண்டுகள் இந்த ஆட்டத்தை நடத்தி, 1989-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கும் தகவலை மட்டும் வைத்துக்கொண்டு கெட்டிக்காரத்தனமாக ஆடினால் ஓர் அணிக்கு ஏறத்தாழ 200 டாலர் செலவாகும். நிஜத்தில் சராசரி 2,000 டாலர். கல்லூரி மாணவர்களும் அனுபவப்பட்ட நிர்வாகிகளும் ஒரே மாதிரிதான் தோற்றார்கள். இந்தச் செய்தி மேலாளர்களுக்குக் கசப்பானது என்றாலும் ஓர் ஆறுதலும் இருக்கிறது. தவறு ஆளிடம் இல்லை. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அப்படித்தான் ஆடுவார்கள்.

அலுவலகத்தில் ஒரு மாற்றம் கொண்டுவர வேண்டுமென்றால் வழக்கமாக என்ன நடக்கும்? மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. பிறகு ஹோட்டல் அரங்கில் நாற்பது ஸ்லைடு பவர்பாயிண்ட், மதியம் பிரியாணி. புதிய முறை ஏன் நல்லது என்று எல்லோருக்கும் புரியும், எல்லோரும் தலையாட்டுவார்கள். திங்கட்கிழமை பழைய முறையிலேயே வேலை தொடரும். சொன்னது புரியாததால் இப்படி நடப்பதில்லை. மாற்றத்தின் முதல் சில மாதங்கள் பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். அந்த மாதங்களைக் கடந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்த அனுபவம் யாருக்கும் இல்லை. ஸ்லைடு காட்ட முடியாத இந்த அனுபவத்தை விளையாட்டால் கொடுக்க முடியும். ஓராண்டின் நஷ்டத்தையும் லாபத்தையும் ஒரே பிற்பகலில் பட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

படைகளுக்கு இது பழைய சங்கதி. பிரஷ்ய ராணுவம் 1824-இலேயே அதிகாரிகளை வரைபடமும் பகடையும் கொண்டு போர் ஆட்டம் ஆட வைத்தது. தொழில் துறைக்கு இதை முதலில் கொண்டுவந்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் மரியா பிர்ஷ்டைன் என்ற சோவியத் பெண்மணி. 1932-இல் லெனின்கிராடில், தட்டச்சு இயந்திரம் செய்யும் புதிய ஆலையின் நிர்வாகிகளுக்காக, உற்பத்தியில் வரக்கூடிய சிக்கல்களை முன்கூட்டியே ஆடிப் பார்க்கும் ஆட்டம் ஒன்றை அவர் அமைத்தார். அமெரிக்காவில் 1955-இல் ராண்ட் நிறுவனம் விமானப்படையின் உதிரிபாகக் கிடங்குகளுக்காக 'மோனோபோலாக்ஸ்' ஆட்டத்தை உருவாக்கியது. அடுத்த ஓரிரு ஆண்டில் அமெரிக்க மேலாண்மைச் சங்கம் உயர் நிர்வாகிகளுக்கான கணினி ஆட்டத்தோடு வந்தது. அதன் பிறகு வணிகப் பள்ளிகளில் இவை பெருகிப்போயின.

ஆனால் ஒரு விளையாட்டு உண்மையிலேயே ஓர் ஆலையின் வழக்கத்தை மாற்றியதா என்று கேட்டால், காட்டுவதற்கு மிக நல்ல கதை டூபாண்ட் நிறுவனத்தினுடையது.

1991-இல் இந்த ரசாயன நிறுவனம் தன் பராமரிப்புச் செலவை உலகின் சிறந்த ஆலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. கணக்கு விசித்திரமாக இருந்தது. ஆலையின் மதிப்போடு ஒப்பிட்டால், முன்னணி நிறுவனங்களைவிட டூபாண்ட் பராமரிப்புக்கு 10 முதல் 30 சதவீதம் கூடுதலாகச் செலவழித்தது. ஆனால் அதன் இயந்திரங்கள் ஓடிய நேரம் 10 முதல் 15 சதவீதம் குறைவு. மெக்கானிக்குகள் அதிகம், இருந்தும் ஓவர்டைம் அதிகம். ஸ்டோர்ஸில் உதிரிபாகங்கள் குவிந்து கிடந்தன, இருந்தும் அவசரத்துக்குத் தேவையான பாகத்தை இரட்டிப்பு விலை கொடுத்து வரவழைக்க வேண்டியிருந்தது.

வின்ஸ்டன் லெடெட் என்பவரின் தலைமையில் ஒரு குழு காரணத்தைத் தேடியது. கணினியில் ஒரு மாதிரி கட்டினார்கள். அதில் தெரிந்தது ஒரு சுழல். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு செலவைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து அழுத்தம். உடனே வெட்டக்கூடியது எது? உடையாத இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் முன்கூட்டிய பராமரிப்பு. அதை வெட்டினால் இந்த மாதம் ஒன்றும் ஆகாது. சில மாதம் கழித்து பிரேக்டவுன் கூடும். கூடினால், முன்கூட்டிய பராமரிப்பில் இருந்த மெக்கானிக்கை இழுத்து உடைந்ததைச் சரிசெய்ய அனுப்புவார்கள். அதனால் மற்ற இயந்திரங்கள் கவனிப்பில்லாமல் போய் இன்னும் உடையும். உற்பத்தி குறைந்ததால், ஓடும் இயந்திரத்தை நிறுத்தக் கொடுக்க ஆபரேஷன்ஸ் மேலாளர் மறுப்பார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் மறுப்பார்கள்.

இந்தச் சுழலைவிட்டு வெளியே வர வழி உண்டு. ஆனால் முதலில் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல இயந்திரத்தை நிறுத்த வேண்டும். செலவு கூடும், உற்பத்தி குறையும், மாதாந்திர அறிக்கையில் சிவப்பு எண்கள் வரும். பலன் பிறகுதான்.

குழுவில் இருந்தவர்களுக்கு இது எலும்புவரை புரிந்துவிட்டது, ஏனென்றால் மாதிரியைக் கட்டியவர்கள் அவர்கள். ஆலையில் ஸ்பானர் பிடிப்பவருக்கும் ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கும் எப்படிப் புரியவைப்பது? திரையில் கோடு காட்டினால் போதாது. அப்போது அவர்கள் எடுத்துக்கொண்ட முன்மாதிரிதான் பியர் விளையாட்டு. கணினி மாதிரியை ஒரு பலகை ஆட்டமாக மாற்றினார்கள். இரண்டு நாள் பயிலரங்கு. பலகைதான் ஆலை, வில்லைகள்தான் இயந்திரங்களும் மெக்கானிக்குகளும் உதிரிபாகங்களும். மூன்று பொறுப்புகள்: உற்பத்தி, பராமரிப்பு, உதிரிபாகமும் வரவுசெலவும் பார்க்கும் பிரிவு. ஒரு இயந்திரத்தைப் பழுது பார்க்க மெக்கானிக்கும் வேண்டும், பாகமும் வேண்டும். ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் வில்லை அப்படியே கிடக்கும். முன்கூட்டியே பராமரிக்க வேண்டுமென்றால் உற்பத்தி மேலாளர் சம்மதித்து, ஓடும் வில்லையைத் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அந்த ஒரு அசைவில்தான் ஆட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது. நிஜ ஆலையில் இருபது ஆண்டாக "இப்போ மெஷினை நிறுத்த முடியாது" என்று சொல்லிவந்த ஒருவர், பராமரிப்பு மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவர் அதே வசனத்தைச் சொல்லக் கேட்கிறார்.

வழக்கம்போலச் செலவைக் குறைத்து ஆடும் அணிகள் முதலில் ஜெயிக்கும். பராமரிப்பில் பணம் போட்ட பக்கத்து மேசையைப் பார்த்துச் சிரிக்கவும் செய்யும். ஆட்டம் நகர நகர அவர்களின் வில்லைகள் ஒவ்வொன்றாக விழும், மெக்கானிக் போதாது, அவசரப் பாகம் வாங்கியே பணம் தீரும். பக்கத்து மேசையின் வரைகோடு முதலில் இறங்கி, பிறகு ஏறி, இவர்களைத் தாண்டிப் போகும். 1992 முடிவதற்குள் சுமார் 1,200 பேர் இதை ஆடியிருந்தார்கள். பயிலரங்கு அதோடு நிற்காது. ஆடியவர்கள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் சொந்த ஆலையில் ஏதாவது ஒரு சிறு பழுதுக்கான மூலத்தைத் தேர்ந்தெடுத்து ஒழிக்கும் பொறுப்போடு கிளம்புவார்கள்.

லெடெட் 1993-இல் டூபாண்டிலிருந்து ஓய்வு பெற்று, விளையாட்டை மற்ற நிறுவனங்களுக்கும் கொண்டுபோனார். அப்படிப் போய்ச் சேர்ந்த ஓர் இடம் ஒஹையோ மாநிலத்தின் லிமா நகரத்தில் பிரிட்டிஷ் பெட்ரோலியத்துக்கு இருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் 1886-இல் கட்டியது அது. நூறாண்டு தாண்டி, பழசாகி, நிறுவனத்தின் கண்ணில் சுமையாகத் தெரிந்த நேரம். 1994-இல் அங்கே விளையாட்டைத் தொடங்கினார்கள்.

ஆடி முடித்த ஆபரேட்டர் குழு ஒன்று, ஆலையில் பியூட்டேன் வாயு வீணாக எரிந்துபோவதை எடுத்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் அடைத்துவிட்டார்கள். ஆன செலவு 5,000 டாலர். மிச்சமானது ஆண்டுக்கு 15 லட்சம் டாலர். இதில் வியப்பு அந்தத் தொகை அல்ல. அந்தக் கசிவு அவர்களுக்கு எட்டு ஆண்டாகத் தெரியும், அடைக்கும் வழியும் தெரியும், வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை ஆலைக்குள்ளேயே இருந்தன. புதிதாக யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நேரமில்லை, பணமில்லை, நம் கையில் ஒன்றுமில்லை என்ற எண்ணம் மட்டும்தான் குறுக்கே நின்றது.

பம்புகளிலும் இதே கதை. 1991-இல் 640-க்கு மேல் இருந்த பம்ப் பழுதுகள் 1998-இல் 131 ஆகக் குறைந்தன. சராசரியாக 12 மாதத்துக்கு ஒருமுறை பழுதான பம்ப் 58 மாதம் ஓடியது. இத்தனைக்கும் நடுவில் தலைக்கு மேல் கத்தி தொங்கியது: 1996-இல் பிரிட்டிஷ் பெட்ரோலியம் ஆலையை விற்கப்போவதாகச் சொல்லி, சரியான விலைக்கு ஆள் கிடைக்காததால் மூடப்போவதாகவும் அறிவித்தது. வேலை போகப்போகிறது என்று தெரிந்தும் ஆட்கள் முன்னேற்றப் பணியை விடவில்லை. 1998-இல் கிளார்க் என்ற நிறுவனம் 21.5 கோடி டாலர் கொடுத்து அதை ஓடும் ஆலையாகவே வாங்கிக்கொண்டது. பல கை மாறி, இப்போது கனடாவின் செனோவஸ் நிறுவனத்திடம் அது இயங்கிக்கொண்டிருக்கிறது. முழுப் பெருமையும் ஒரு பலகை ஆட்டத்துக்கு என்று சொன்னால் மிகையாகிவிடும். எண்ணெய்ச் சந்தையும் வாங்கியவரின் கணக்கும் அதில் உண்டு. ஆனால் பழுதடைந்து கிடந்த ஆலையை அந்த விலைக்கு யார் வாங்கியிருப்பார்கள்?

எல்லா ஆட்டங்களுக்கும் இரண்டு நாள் தேவையில்லை. தர நிர்வாகத்தின் பிதாமகர்களில் ஒருவரான டெமிங் தன் கருத்தரங்குகளில் ஒரு பெட்டி மணிகளை வைத்தே சாதித்தார். 3,200 வெள்ளை மணி, 800 சிவப்பு மணி. 50 குழி கொண்ட கரண்டியைப் பெட்டிக்குள் விட்டு எடுக்க வேண்டும். வெள்ளைதான் நல்ல சரக்கு, சிவப்பு குறைபாடு. மேடைக்கு வந்த 'தொழிலாளிகள்' கண்ணால் பார்த்துப் பொறுக்க முடியாது. சராசரியாக 10 சிவப்பு வந்தே தீரும். டெமிங் மேஸ்திரி வேடம் கட்டிக்கொள்வார். 7 வந்தவரைப் பாராட்டி ஊக்கத்தொகை, 14 வந்தவருக்கு வசவு, சுவரில் ஒரு வாசகம், கடைசியில் 'மோசமான' பாதிப் பேருக்கு வேலைநீக்கம். அரங்கம் சிரிக்கும். சற்று நேரத்தில் முன்வரிசையில் இருக்கும் நிர்வாகிகளின் சிரிப்பு மட்டும் நின்றுவிடும். போன வாரம் தங்கள் அலுவலகத்தில் ஆண்டு மதிப்பீட்டுக்குப் போட்ட மதிப்பெண்கள் அவர்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும்.

இதைவிடச் சிக்கனமானது நாணய ஆட்டம். 20 காசு, வரிசையாக நான்கு பேர். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் இருபதையும் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். அடுத்த சுற்றில் ஒரு காசைத் திருப்பியதும் தள்ளிவிடலாம். ஒவ்வொருவர் பின்னாலும் கடிகாரத்தோடு ஒரு 'மேலாளர்' நிற்பார். இரண்டாவது சுற்றில் முதல் காசு வாடிக்கையாளரைச் சில வினாடிகளில் எட்டிவிடும். மொத்த வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் தனித்தனி மேலாளர்களின் கடிகாரத்தில் அவரவர் ஆள் எடுத்துக்கொண்ட நேரம் கூடியிருக்கும். அவரவர் துறையை அளந்து பார்த்தால் நஷ்டம், மொத்தமாகப் பார்த்தால் லாபம். பல நிறுவனங்களில் மாற்றம் மாட்டிக்கொள்ளும் முட்டுச்சந்து இதுதான். சில்லறைக் காசு இருந்தால் யார் வேண்டுமானாலும் நாளையே ஆடிப் பார்க்கலாம்.

கணினி வழி ஆட்டங்கள் வேறு வகை. பிரான்ஸின் இன்சியாட் வணிகப் பள்ளியில் உருவான ஓர் ஆட்டத்தில், ஆடுபவர் ஒரு நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வரும் மாற்றத் தூதர். ஆறு மாதத்துக்குள் இருபதுக்கு மேற்பட்ட மேலாளர்களைப் புதிய தகவல் முறைக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும். யார் யாருக்குக் கீழே என்ற விளக்கப்படம் கையில் உண்டு. அதைவிடப் பயன்படுவது யாரோடு யார் காபி குடிக்கப் போகிறார் என்ற தகவல். அவசரக்காரர்கள் எடுத்த எடுப்பிலேயே நிர்வாக இயக்குநரைக் கொண்டு உத்தரவு போட வைப்பார்கள். அதன் பிறகு யாரும் இவரைச் சந்திக்க நேரம் கொடுக்க மாட்டார்கள்.

இவ்வளவு சொன்னபிறகு ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஆட்டம் மட்டும் எதையும் கற்றுத் தராது. ஆடி முடித்ததும் பயிற்சியாளர்கள் 'டீப்ரீஃபிங்' என்று சொல்லும் உரையாடலில்தான் பாதி வேலை நடக்கிறது: என்ன நடந்தது, ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள், நம் அலுவலகத்தில் இது எங்கே நடக்கிறது? நேரமாகிவிட்டது என்று இதை வெட்டிவிட்டு, ஜெயித்த அணிக்குப் பரிசு கொடுத்துப் புகைப்படம் எடுத்துக் கலையும் நிறுவனங்கள் ஏராளம். அது சுற்றுலா, பயிற்சி அல்ல. மேலதிகாரி ஆடாமல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதும் அதே அளவு கெடுதல். கீழே இருப்பவர்கள் தோற்கப் பயப்படுவார்கள். தோற்காவிட்டால் ஆட்டத்தில் ஒன்றும் இல்லை.

இன்னொரு சங்கடம் ஆட்டத்துக்கு வெளியே இருக்கிறது. பராமரிப்பு ஆட்டத்தில் பிரேக்டவுன் குறையக் குறைய மெக்கானிக் வில்லைகள் வேலையில்லாமல் பலகை ஓரத்தில் சேரும். புத்திசாலி அணிகள் அவற்றை மேலும் பழுதுகளின் மூலத்தைத் தேடப் பயன்படுத்தும். ஆனால் அந்த வில்லைகளைப் பார்க்கும் நிஜ மெக்கானிக்கின் மனதில் வேறொரு கேள்வி ஓடும்: "இதெல்லாம் சரியானால் எங்களில் எத்தனை பேர் மிஞ்சுவோம்?" பலகையில் அதற்கு விடை இல்லை. ஆட்டத்தை நடத்தும் பயிற்சியாளரிடமும் இல்லை. நிர்வாகம் அதை ஆட்டம் தொடங்கும் முன்பே, முடிந்தால் எழுத்தில், சொல்லிவிட வேண்டும்.